ஏழு ஞாயிற்றுக்கிழமை, ஒரு டீ கெண்டி

உங்க வீட்டு சமையலறையில டீபாட் இருக்கா? பெரும்பாலும் இருக்காது. எங்க வீட்டுலயும் கிடையாது. நமக்கு டீன்னா பாத்திரத்துல தண்ணி, தூள், பால், சர்க்கரை எல்லாத்தையும் போட்டு, பொங்கி வர்றப்போ அடுப்பைக் குறைச்சு, வடிகட்டி, ரெண்டு தடவை ஆத்திக் குடிக்கறது. பேக்கரிக்குப் போனாலும் அதேதான். கோயம்புத்தூர் பேக்கரி எதுலயாவது டீபாட்ல டீ கொண்டுவந்து வெச்சு நீங்க பார்த்திருக்கீங்களா?

அதுக்குக் காரணம் தூள். நாம தினமும் குடிக்கறது சி.டி.சி. தூள். 1930-கள்ல அசாம்ல வந்த முறை அது. இலையை நசுக்கி, கிழிச்சு, சுருட்டி குருணையாக்கிடும். சாயம் சீக்கிரம் இறங்கும், பாலையும் தாங்கும். டீபாட் பொறந்தது முழு இலைக்காக. சீனாவுல 1391-ல மிங் பேரரசர், அமுக்கி செஞ்ச டீக்கட்டியைக் கப்பமா அனுப்ப வேண்டாம், உதிரி இலையே போதும்னு உத்தரவு போட்டார். இலையை வெந்நீர்ல ஊற வெச்சுக் குடிக்கற பழக்கம் பரவுச்சு. ஊற வைக்க மூடியும் மூக்கும் உள்ள பாத்திரம் வேணுமில்லையா? யீஷிங்ங்கற ஊர்க்காரங்க அதைச் செஞ்சு பேர் வாங்கினாங்க.

வீட்டுல இல்லாட்டியும் நம்ம படிப்புல டீபாட் இருக்கு. கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் லேப்ல ஒரு தடவையாவது அதைச் சுழல விட்டிருப்பீங்க. 1975-ல யூட்டா பல்கலைக்கழகத்துல மார்ட்டின் நியூவெல் தன் வீட்டு டீபாட்டைப் பார்த்து உண்டாக்கின மாடல் அது. மூக்கு, கைப்பிடி, மூடி, உருண்டை உடம்புன்னு எல்லா வளைவும் ஒரே பொருள்ல கிடைக்குதுன்னு உலகம் பூரா அதையே பிடிச்சுக்கிச்சு. அந்த முதல் மாடலுக்கு அடிப்பாகமே கிடையாது, பின்னாடிதான் சேர்த்தாங்க. இந்த விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கங்க, கொஞ்ச நேரத்துல தேவைப்படும்.

நான் சொல்ல வந்தது ஸ்கிரீன்ல சுத்தற டீபாட் பத்தி இல்ல. சக்கரத்துல சுத்தினது. ஆனி கடைசியில ஆரம்பிச்சு ஆவணியில முடிஞ்சது. மொத்தம் ஏழு ஞாயிற்றுக்கிழமை.

"இதுக்கா உன்னைய இன்ஜினியரிங் சேர்த்துவிட்டோம்?"

வடவள்ளி தாண்டி ஒரு வீட்டோட பின்பக்கம் சின்ன மட்பாண்ட ஸ்டூடியோ இருக்கு. நடத்தறது ஒரு அக்கா. ரெண்டு மின்சார சக்கரம், ஒரு மின்சார சூளை, சுவர் பூரா அலமாரி. போன வருஷத்துலேருந்து நேரம் கிடைக்கறப்போ போறேன். மொதல்ல டம்ளர், அப்புறம் கிண்ணம், அப்புறம் மூடி போட்ட ஜாடி. இந்த வருஷம் அக்கா, "இனி டீபாட் பண்ணலாம்"னாங்க. மட்பாண்டம் செய்யறவங்ககிட்ட டீபாட்டுக்கு ஒரு தனி மரியாதை உண்டு. கத்துக்கிட்ட எல்லாத்தையும் ஒரே பாத்திரத்துல கேட்டுடும்.

வீட்டுல இதுக்கு வரவேற்பு இல்ல. அம்மா கேட்டதுதான் மேல தலைப்பா இருக்கு. அந்தக் கேள்விக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு.

எங்க அப்புச்சி, அதாவது அம்மாவோட அப்பா, சென்னிமலைப் பக்கம் பானை வனைஞ்சவர். கோடையில தண்ணிப்பானை, தை மாசம் பொங்கப்பானை, கல்யாணத்துக்கு அரசாணிப்பானை, மாரியம்மன் நோம்பிக்குப் பூவோடு, கார்த்திகைக்கு அகல். ஊர்ல நல்லது கெட்டது எது நடந்தாலும் அவர் வீட்டு மண்ணு இல்லாம நடக்காது. ஆனா வருமானம்னு பார்த்தா மழைக்கு முன்னாடி, மழைக்குப் பின்னாடின்னு ரெண்டா பிரிஞ்சு கிடக்கும். அம்மா அதை ஒரே வரியில சொல்லும்: "ஐப்பசில சூளையும் வேகாது, அடுப்பும் எரியாது." பச்சைப் பானை காயாம திண்ணையில வரிசையா உக்காந்திருக்குமாம். அதைப் பார்த்துக்கிட்டே வளர்ந்தவங்க அம்மா. பசங்க யாரும் சக்கரத்துகிட்டப் போகக்கூடாதுன்னு அப்புச்சியே சொல்லிட்டார். மாமா லாரி ஓட்டறார். அம்மா கட்டிக்கிட்டு வந்தது கோயம்புத்தூர்ல ஃபவுண்டரி வேலைக்காரரை. நான் மெக்கானிக்கல் மூணாவது வருஷம்.

இப்போ புரியுதில்லையா? ரெண்டு தலைமுறையா கஷ்டப்பட்டு கையைக் கழுவிட்டு வந்த மண்ணை, நான் காசு கொடுத்துத் தொட்டுக்கிட்டு இருக்கேன். "எங்கப்பன் ஓசில சொல்லித் தந்திருப்பாரல்லொ"ன்னு அம்மா ஒரு நாள் சொன்னப்போ சிரிப்பும் வந்துச்சு, என்ன பதில் சொல்றதுன்னும் தெரியல.

மையம்

முதல் ஞாயிறு. ஒரு கிலோ களிமண் உடம்புக்கு. மூடிக்கும் மூக்குக்கும் தனியா கொஞ்சம்.

சக்கரத்துல முதல் வேலை மண்ணை மையத்துக்குக் கொண்டு வர்றது. டைனமிக்ஸ்ல படிக்கற அன்பேலன்ஸ்தான் விஷயம். மையத்துலேருந்து அரை சென்டிமீட்டர் தள்ளியிருந்தாலும் ஒவ்வொரு சுத்துலயும் கையைத் தள்ளிவிடும். கையை ஆட்டாம வெச்சா மண்ணு வழிக்கு வரும். அதுக்கு முழங்கையைத் தொடையில முட்டுக் கொடுத்து உக்காரணும். பலம் தோள்லேருந்து வரக்கூடாது, உக்கார்ற விதத்துலேருந்து வரணும். மண்ணு நின்னதும் கட்டைவிரலால நடுவுல குழி. அப்புறம் உள்ள ஒரு விரல், வெளிய ஒரு விரல், நடுவுல சுவர். மெதுவா மேல ஏத்தணும். சுவர் மெலிய மெலிய வேகத்தைக் குறைக்கணும். இல்லேன்னா மையவிலக்கு விசை வாயை விரிச்சு விட்டுடும்.

டீபாட்ல உடம்பை உருண்டையா விரிச்சு, மறுபடி வாயைக் குறுக்கணும். விரிக்கறது சுலபம், குறுக்கறது கஷ்டம். குறுக்கறப்போ மண்ணு தடிக்கும், மடிப்பு விழப் பார்க்கும். கழுத்தை ரெண்டு கையாலயும் மெல்ல நெருக்கி, சுவரை மறுபடி மெலிசாக்கி, மறுபடி நெருக்கணும். கடைசியா வாய்க்கு உள்பக்கம் மூடி உக்கார ஒரு படி.

அளவு விஷயத்துல நம்ம படிப்பு உதவுச்சு. இந்த ஸ்டோன்வேர் மண்ணு காய்ஞ்சு வெந்து முடியறப்போ நீளத்துல கிட்டத்தட்ட 12 சதவீதம் சுருங்கும். நீளத்துல 12-ன்னா கொள்ளளவுல? 0.88-ஐ மூணு தடவை பெருக்குங்க, 0.68 வரும். எனக்கு 600 மில்லி டீபாட் வேணும்னா பச்சை மண்ணுல சுமார் 880 மில்லிக்கு வனையணும். அப்பாகிட்ட சொன்னேன். "பேட்டர்ன்ல ஷ்ரிங்கேஜ் அலவன்ஸ் குடுக்கறாப்பலதான்? நாங்க வார்ப்பிரும்புக்கு ஒரு சதவீதம் குடுப்போம். உன்ற மண்ணு பன்னெண்டு கேக்குதா!"ன்னார். இருபது வருஷமா மோல்டிங் செக்‌ஷன்ல இருக்கற மனுஷனுக்கு என் டீபாட் அன்னைக்குத்தான் கண்ணுல பட்டுச்சு.

அப்புச்சியோட சக்கரம் வேற மாதிரி. கனமான பெரிய சக்கரம். குச்சியைக் குழியில கொடுத்து வேகமா சுத்தி விட்டுட்டு, அந்த வேகம் தீர்றதுக்குள்ள பானையை எடுத்துடணும். ஃப்ளைவீல்தான், மோட்டார் கிடையாது. அவர் சக்கரத்துல எடுக்கற பானைக்கு அடி இருக்காது. கொஞ்சம் காய்ஞ்சதும் உள்ள கல்லை அணை கொடுத்து, வெளிய பலகையால தட்டித் தட்டித்தான் அடியை மூடி உருண்டையாக்குவார். யூட்டா டீபாட் ஞாபகம் இருக்கா? நியூவெலுக்கு முன்னாடியே எங்க அப்புச்சி அடியில்லாமதான் ஆரம்பிச்சிருக்கார்.

பதம்

ரெண்டாவது ஞாயிறுதான் உண்மையான டீபாட் நாள். போன வாரம் நாலு துண்டா இருந்ததை ஒண்ணாக்கணும். உடம்பு, மூடி, மூக்கு மூணும் பிளாஸ்டிக் உறைக்குள்ள காத்திருந்துச்சு. கைப்பிடியை அன்னைக்கே மண்ணை ஈரக்கையால உருவி இழுத்து எடுக்கணும்.

இங்க ஒரே ஒரு விதிதான்: எல்லாத் துண்டும் ஒரே பதத்துல இருக்கணும். இங்கிலீஷ்ல இதைத் 'தோல் மாதிரி கெட்டி'ன்னு சொல்வாங்க. அழுத்தினா வடிவம் மாறாது, நகத்தால கீறினா கோடு விழும். ஈரமான மூக்கைக் காய்ஞ்ச உடம்புல ஒட்டினா, அப்போ ஒட்டிக்கும். ஆனா மூக்கு இன்னும் சுருங்க வேண்டியிருக்கும், உடம்பு சுருங்கி முடிச்சிருக்கும். ரெண்டு நாள்ல ஒட்டின இடத்துல வட்டமா விரிசல். எந்தப் பசையும் அதைத் தடுக்காது. ஒண்ணாச் சேரணும்னா ஒண்ணாச் சுருங்கணும், அவ்ளோதான்.

பதம்ங்கற சொல் நம்ம வீடு பூரா இருக்கு, கவனிச்சிருக்கீங்களா? பாகுப் பதம், சோத்துப் பதம், உழவுக்கு நிலத்தோட பதம். ஃபவுண்டரில அப்பா மோல்டிங் மணலை ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பார்ப்பார். விரல் தடம் அப்படியே நின்னு, கையில ஒட்டாம இருந்தா சரி. அந்த மணல்ல இருக்கறது பென்டோனைட் களிமண்ணும் கொஞ்சம் தண்ணியும். லேப்ல மாய்ஸ்ச்சர் டெஸ்டர்ல வர்ற எண்ணை அவர் கை முன்னாடியே சொல்லிடும்.

ஒட்டற வேலைக்கு வருவோம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணம் இருக்கு, அதனால வரிசையா சொல்றேன்.

மூக்கு உக்கார்ற இடத்துல உடம்புல சின்னச் சின்னதா துளை போடணும். இலை உள்ளயே நிக்கும், டீ மட்டும் போகும். எல்லாத் துளையோட பரப்பையும் கூட்டினா மூக்கு நுனிப் பரப்பை விட அதிகமா இருக்கணும். இல்லேன்னா டீ இழுத்துக்கிட்டு வரும்.

மூக்கு நுனி, பாத்திரத்து வாய்க்குக் கீழ இருக்கக்கூடாது. இருந்தா வாய் நிரம்பறதுக்கு முன்னாடியே மூக்கு வழியா ஊத்திடும். எட்டாம் கிளாஸ்ல படிச்ச இணைந்த பாத்திரங்கள்தான்.

மூடியில ஒரு சின்ன ஓட்டை வேணும். காத்து உள்ள போனாத்தான் டீ வெளிய வரும். ஓட்டை இல்லேன்னா 'களக் களக்'னு விட்டு விட்டு வரும். ஊத்தறப்போ அந்த ஓட்டையை விரலால மூடினா டீ நின்னுடும். நம்ம ஜூனியர்களுக்கு வளிமண்டல அழுத்தம் புரிய வைக்க இதைவிட நல்ல டெமோ கிடையாது.

கைப்பிடி, நிரம்பின பாத்திரத்தோட எடையைத் தாங்கணும். காலிப் பாத்திரத்தைத் தூக்கிப் பார்த்து முடிவு பண்ணக்கூடாது. ஈர்ப்பு மையம் கைப்பிடிக்குத் தூரமாப் போகப் போக மணிக்கட்டுக்கு டார்க் ஏறும். தாத்தா பாட்டி கையில கொடுக்கற பாத்திரம்னா இது முக்கியம்.

கடைசியா ஒரு விஷயம் என்னை அசர வெச்சுது. மூக்கை ஒட்டிட்டு அக்கா அதோட நுனியைக் கொஞ்சம் கோணலா அறுத்தாங்க. "நேரா அறுக்க வேண்டாமாங்க்கா?"ன்னேன். "சூளைல நேராயிரும் தம்பி"ன்னாங்க. சக்கரத்துல சுத்தி சுத்தி எடுத்ததால மண்ணுக்குள்ள ஒரு முறுக்கு தங்கியிருக்குமாம். வேகறப்போ அந்த முறுக்கு இன்னும் கொஞ்சம் திரும்பும். அதைக் கணக்குப் பண்ணி முன்னாடியே எதிர்ப்பக்கம் சாய்ச்சு அறுக்கணும். எத்தனை டிகிரின்னு கேட்டா பதில் கிடையாது. ஒவ்வொரு மண்ணுக்கும் ஒவ்வொரு கைக்கும் வேற வேற.

எல்லாம் முடிஞ்சதும் அடியில பேர் எழுதச் சொன்னாங்க. ஸ்டூடியோ பாத்திரங்கள்ல செஞ்சவங்க அடையாளம் இருக்கறது வழக்கம். எனக்கு உடனே கொடுமணல் ஞாபகம் வந்துச்சு. அப்புச்சி ஊருக்குப் பக்கம்தான், நொய்யல் கரை. 1980-கள்லேருந்து அங்க அகழாய்வு நடந்திருக்கு. இரும்பு உருக்கின உலை, கல்மணிப் பட்டறைகள், தமிழ் பிராமி எழுத்து கீறின பானை ஓடுகள்னு நிறைய கிடைச்சிருக்கு. பதிற்றுப்பத்துல வர்ற கொடுமணம் இதுதான்னு சொல்றாங்க. அந்த ஓடுகள்ல இருக்கற பேர் பெரும்பாலும் பானையை வெச்சிருந்தவங்க பேர்னுதான் சொல்றாங்க. வனைஞ்சவங்க பேர் எதுன்னு யாருக்கும் தெரியாது. எங்க அப்புச்சி ஐம்பது வருஷம் வனைஞ்சிருக்கார். ஒரு பானையிலகூட அவர் பேர் இல்ல.

நான் என் பேரை எழுதல. அவர் பேரோட முதல் எழுத்தைக் கீறினேன்.

அம்மா வந்த ஞாயிறு

ஒட்டின பாத்திரம் மெதுவாக் காயணும். கோயம்புத்தூர்ல ஆடி மாசம் இது லேசான காரியம் இல்ல. பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து மெலிசான பாகத்தை முதல்ல பிடிச்சுக்கும். மூக்கு நுனியும் கைப்பிடியும் காய்ஞ்சு போயிருக்கும், அடி இன்னும் ஈரமா இருக்கும். அதனால மூக்கையும் கைப்பிடியையும் மட்டும் பிளாஸ்டிக்ல சுத்தி, மீதியைத் திறந்து விட்டு, ரெண்டு வாரம்.

நாலாவது ஞாயிறு அம்மா, "நானும் வாரன். அப்புடி என்னத்தப் படிக்கறன்னு பாக்கோணும்"னு கிளம்பிடுச்சு. பஸ்ல ஒரு வார்த்தை பேசல. ஸ்டூடியோக்குள்ள வந்து அலமாரியைப் பார்த்துச்சு. ஒரு டீபாட்ல விலைச் சீட்டு ஒட்டியிருந்துச்சு, ஆயிரத்து எண்ணூறு. அதைப் பார்த்துட்டு என்னைப் பார்த்துச்சு. அகல் விளக்கை எண்ணி எண்ணி வித்த வீட்டுப் பொண்ணு.

அக்கா என் டீபாட்டை எடுத்து, "காஞ்சிருச்சுன்னு நினைக்கறேன், நாளைக்குச் சூளைல வெச்சிரலாம்"னாங்க. அம்மா கையை நீட்டி வாங்குச்சு. மூக்கைப் பிடிக்கல, கைப்பிடியையும் பிடிக்கல. ரெண்டு உள்ளங்கையிலயும் அடியைத் தாங்கித் தூக்கி, அடிப்பாகத்தைக் கன்னத்துல வெச்சுது. கண்ணை மூடி ஒரு நிமிஷம்.

"இன்னும் சில்லுனு இருக்குதுங்க. அடியில ஈரம் நிக்குது. இப்ப வெச்சீங்கன்னா வெடிச்சுப்போகும். நாலு நாள் போகட்டும்."

அக்காவும் தன் கன்னத்துல வெச்சுப் பார்த்தாங்க. சிரிச்சுட்டு, "சரிங்க, அடுத்த வாரம் வெச்சுக்கலாம்"னாங்க.

காரணம் நமக்குத் தெரிஞ்சதுதான். ஈரம் ஆவியாகறப்போ வெப்பத்தை எடுத்துக்கும், அதனால தொட்டா சில்லுனு இருக்கும். முழுசாக் காய்ஞ்ச மண்ணு அறை வெப்பத்துலயே இருக்கும். ஈரம் தங்கின பாத்திரம் சூளையில 100 டிகிரியைத் தாண்டினா உள்ள இருக்கற தண்ணி நீராவியாகி ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல விரியும். மண்ணு தாங்காது. கன்னத்துத் தோல் உள்ளங்கையை விட மெலிசு, அதனால சின்ன வித்தியாசமும் தெரியும்.

திரும்பி வர்றப்போ கேட்டேன், "உனக்கு இதெல்லாம் தெரியாதுன்னல்ல சொல்லுவ?" "தெரியாதுதான். பச்சப்பானைய எடுத்து வெக்கறது எங்க வேலை. அப்பன் கேக்கும், காஞ்சிருச்சா புள்ளன்னு. கன்னத்துல வெச்சுச் சொல்லுவோம். அதெல்லாம் ஒரு வித்தையா?"

நான் பதில் சொல்லல. ஆனா நீங்களே சொல்லுங்க, அது வித்தை இல்லையா?

ரெண்டு தடவை வேகணும்

அப்புச்சி சூளை ஒரு தடவைதான் எரியும். பானைகளை அடுக்கி, விறகும் வைக்கோலும் போட்டு, மேல மண்ணைப் பூசி மூடி, பொழுதோட தீ வெச்சா விடியறப்போ முடிஞ்சிடும். சுமார் 800, 900 டிகிரி. மண்ணு நுண்துளையோட நிக்கும். அதனாலதான் தண்ணிப்பானை கசிஞ்சு குளிருது. அந்தத் துளை பானைக்குக் குறை இல்ல, அதோட வேலையே அதுதான். ஒரே மண்ணை வெச்சே நிறத்தையும் மாத்துவாங்க. காத்து பட்டா மண்ணுல இருக்கற இரும்பு சிவக்கும், காத்து படாத இடம் கறுத்துடும். கொடுமணல்ல கிடைக்கற கறுப்பு சிவப்புப் பானைகள் அந்தக் கணக்குதான்.

டீபாட்டுக்கு ரெண்டு சூடு. முதல் சூடு 1000 டிகிரி வரைக்கும், மெதுவா. 573 டிகிரியில குவார்ட்ஸ் படிகம் வடிவம் மாறி சட்டுனு கொஞ்சம் விரியும். ஆறறப்போ அதே இடத்துல சட்டுனு சுருங்கும். மெட்டீரியல் சயின்ஸ்ல ஒரு மார்க் கேள்வியா படிச்சிருப்போம். சூளைக்கு முன்னாடி உக்காந்து மீட்டர் 573-ஐத் தாண்டறதைப் பார்க்கறப்போதான் அந்த எண்ணுக்கு உயிர் வருது. ஆறாவது வாரம் கிளேஸ். சிலிக்கா, அலுமினா, அதை உருக வைக்கற ஃப்ளக்ஸ், நிறத்துக்கு இரும்பு ஆக்சைடு. மூடி உக்கார்ற படியில மட்டும் ஈரப் பஞ்சால துடைச்சு எடுத்துடணும். விட்டா மூடியும் பாத்திரமும் கண்ணாடியா ஒட்டிக்கும். அப்புறம் 1240 டிகிரி.

இந்த உயர்சூட்டு ஸ்டோன்வேர் நம்ம பக்கம் பரவினதுக்குப் பாண்டிச்சேரிக்கு நிறைய பங்கு இருக்கு. 1971-ல ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் அங்க கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியை ஆரம்பிச்சாங்க. அவங்ககிட்ட கத்துக்கிட்டவங்க இன்னைக்கு நாடு முழுக்க இருக்காங்க. சிவில் நண்பர்களுக்கு ஒரு தகவல்: ரே மீக்கர் பச்சை மண் செங்கல்ல வீட்டைக் கட்டி, அந்த வீட்டையே சூளையாக்கிச் சுட்டெடுத்தவர். தேடிப் படிங்க, நல்லா இருக்கும்.

ஏழாவது ஞாயிறு சூளையைத் திறந்தோம். கருப்பட்டி நிறம். மூக்கு நுனி நேரா இருந்துச்சு.

கெண்டி

அதை எடுத்துக்கிட்டு நேரா சென்னிமலை பஸ் ஏறினேன். அம்மாவும் வந்துச்சு. அப்புச்சிக்கு இப்போ எண்பது தாண்டிடுச்சு, கண்ணு மங்கல். கையில வாங்கி நடுவிரலால சுண்டினார். 'டிங்'னு நீளமா ஒரு சத்தம். விரிசல் இருந்தா அந்தச் சத்தம் செத்துப்போகும். நாம அல்ட்ராசோனிக் டெஸ்டிங்னு ஒரு யூனிட் படிக்கறோம். அவருக்கு அது ஒரு விரல். "வெந்திருக்குது"ன்னார். அவ்வளவுதான். அவர் வாயில அது பெரிய வார்த்தைன்னு அம்மா பிற்பாடு சொல்லுச்சு.

அமுச்சி பார்த்துட்டு, "கெண்டியல்லொ இது! மூடியும் கைப்பிடியும் வெச்சிருக்குது"ன்னாங்க. சரிதானே? மூக்கு வெச்ச பாத்திரம் நமக்குப் புதுசா என்ன? கெண்டி இருக்கு, கொழந்தைக்குப் பால் புகட்டற பாலாடை இருக்கு. நான் ஏழு வாரமா டீபாட் டீபாட்னு சொல்லிட்டு இருந்த பொருளுக்கு அமுச்சி ஒரு நொடியில பேர் வெச்சுட்டாங்க.

குன்னூர் முழு இலைத் தூள் நூறு கிராம் வாங்கிட்டுப் போயிருந்தேன். நம்ம ஊர்லேருந்து அண்ணாந்து பார்த்தா தெரியற மலைதான். ஆனா அந்த மலை இலையைப் பால் இல்லாம நம்மில் எத்தனை பேர் குடிச்சிருக்கோம்? நாலு நிமிஷம் ஊற வெச்சு ஊத்தினேன். அமுச்சி ஒரு வாய் குடிச்சுட்டு, "வரக்காப்பியாட்டம் இது வர டீயா? பரவால்ல, மணமாத்தான் இருக்குது. கொஞ்சம் சர்க்கரை போடு சாமி"ன்னாங்க.

நான் பார்த்துக்கிட்டு இருந்தது மூக்கு நுனியை. நிறுத்தறப்போ கடைசிச் சொட்டு மூக்குக்கு அடியில வழிஞ்சு வர்றது எல்லா டீபாட்டுக்கும் இருக்கற வியாதி. இதுக்கு 'டீபாட் விளைவு'ன்னே பேர். 1956-ல மார்க்கஸ் ரெய்னர் வெச்ச பேர் அது. ஜோசப் கெல்லர்ங்கற கணித அறிஞர் அடுத்த வருஷமே அதை ஆராய்ஞ்சார். சொட்டாத மூக்கைக் கணக்குப் போட்டதுக்காக அவருக்கும் வாண்டன்-ப்ரோக்குக்கும் 1999-ல இக் நோபல் கிடைச்சுது. 2021-லகூட வியன்னாவுல இதுக்கு முழுக் கோட்பாடு எழுதியிருக்காங்க. மூக்கு நுனியோட விளிம்பு கூர்மையா இருந்தா திரவம் சுத்தமா அறுந்து விழும், மழுங்கினா ஒட்டிக்கிட்டு வழியும். என் கெண்டியில வேகமா ஊத்தினா சொட்டல. மெதுவா ஊத்தினா ஒரு சொட்டு வழியுது. அப்புச்சி அந்தச் சொட்டை விரலால தொட்டுப் பார்த்துட்டு, "கிளேஸு நுனில தடிச்சிருக்குது, அடுத்ததுல அங்க தொடச்சு உடு"ன்னார். கிளேஸ் போட்ட பாத்திரத்தை அவர் வாழ்க்கையில செஞ்சதே இல்ல.

உங்ககிட்ட ஒரு கேள்வி

ஆயிரத்து எண்ணூறு ரூபா டீபாட்டும் ரெண்டு ரூபா அகலும் ஏன் இவ்வளவு தூரத்துல நிக்குதுன்னு யோசிச்சேன். மண்ணு வேற, சூடு வேற, கிளேஸ் வேற, வாங்கறவங்க வேற. எல்லாம் உண்மைதான். ஆனா அப்புச்சியோட தொழில் உக்காந்துட்டதுக்குக் காரணம் விலை மட்டும் இல்லைன்னு இப்போ எனக்குப் படுது. அம்மா சொன்ன அந்த ஐப்பசிதான். வருஷத்துல மூணு மாசம் பானை காயாது. கார்த்திகை தீபமும் பொங்கலும் சரியா அந்த மழைக்குப் பின்னாடியே வருது. கேட்கறவங்க இருக்கறப்போ கொடுக்கப் பானை இல்ல.

நம்ம காலேஜ்ல ஒவ்வொரு வருஷமும் யாராவது சோலார் டிரையர் ப்ராஜெக்ட் பண்றோம். கொப்பரைக்குப் பண்ணியாச்சு, மஞ்சளுக்குப் பண்ணியாச்சு, முருங்கை இலைக்கும் பண்ணியாச்சு. பச்சைப் பானைக்கு ஒண்ணுகூட நான் பார்க்கல. அது நேரடி சூடு வெச்சா சரிப்படாது. வேகமாக் காய்ஞ்சா விரிஞ்சிடும். முதல்ல ஈரக்காத்துக்குள்ள வெச்சு உள்ளயும் வெளியயும் ஒண்ணாச் சூடாக்கி, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஈரத்தைக் குறைக்கணும். ஹ்யூமிடிட்டி கண்ட்ரோல், ஒரு ஃபேன், ஒரு சென்சார், வெயில் இல்லாத நாளுக்கு விறகு அடுப்போட கழிவுச் சூடு. பெரிய ராக்கெட் சயின்ஸ் இல்ல. செலவு மட்டும் ஒரு குயவர் வீடு தாங்கற அளவுல இருக்கணும்.

நாங்க மூணு பேர் இதை மினி ப்ராஜெக்ட்டா எடுத்திருக்கோம். சோதனைக்குப் பானை அப்புச்சி ஊர்ல இன்னும் வனையற ஒருத்தர் தர்றேன்னு சொல்லியிருக்கார். காய்ஞ்சிருக்கா இல்லையான்னு சொல்ல ரெண்டு கருவி: ஒண்ணு லோட் செல், இன்னொண்ணு எங்க அம்மாவோட கன்னம். ரெண்டும் எங்க ஒத்துப்போகுது, எங்க ஒத்துப்போகலைன்னு டேபிள் போட்டு எழுதப் போறோம். அம்மாகிட்ட கேட்டாச்சு. "சம்பளம் எவ்வளவு தருவீங்க?"ன்னு கேட்டுச்சு.

நாலாவது ஆள் வேணும். இசிஇ, ட்ரிப்பிள்-இ ஆளா இருந்தா சென்சார் பக்கத்தைப் பார்த்துக்கலாம். துறை எதுவா இருந்தாலும் வாங்க. ஆனா சேர்றதுக்கு முன்னாடி ஒரு ஞாயிற்றுக்கிழமை சக்கரத்துல உக்காந்து, ஒரு கிலோ மண்ணை மையத்துக்குக் கொண்டு வந்துட்டு வாங்க. காய வைக்கப் போற பொருள் எப்படி உருவாகுதுன்னு கைக்குத் தெரிஞ்சிருக்கணும்.